கொங் சொல்பவர் சாப்பிடவில்லை

இங்கே சிட்னியில் எங்கள் ஆட்கள் நடத்தும் ஒரு சிறிய தமிழ் வானொலியில் இடைக்கிடை நாடகம் போடுகிறார்கள். அதற்கு ஒலி சேர்க்கும் பிள்ளை ஒருத்தி போன கிழமை பிளாக்டவுனிலிருந்து மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், நீங்கள்தான் முந்தி ரேடியோவில சத்தம் செய்த ஆளாம். குதிரை ஓடுற சத்தம் தேடினனான், நூற்றுக்கணக்கில வந்திருக்கு. எது நல்லதெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ?"

கேட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குதிரைகள் ஓடின. எனக்குக் கோபம்தான் வந்தது.

"எல்லாம் நல்ல குதிரைதான் பிள்ளை. மேலை இருக்கிறவன் ஆர்? அவன் கலியாண வீட்டுக்குப் போறானோ, செத்த வீட்டுக்குப் போறானோ?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதையெல்லாம் எழுதுங்கள் அங்கிள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, முதலில் வந்த குதிரையையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரி, எழுதுவோம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? கார் ஓடவும் மகள் விடுகிறாள் இல்லை.

நான் செய்தது ஒலிக்குறிப்பு வேலை. வானொலி நாடகத்தில் கதவு திறப்பது, மழை பெய்வது, ஒருவன் மாடியிலிருந்து விழுவது எல்லாம் என் கை. கொழும்பில் ஒரு வானொலியில் தமிழ் நாடகங்களுக்குச் செய்து பழகினேன். பழக்கியவர் என்று யாரும் இல்லை. பிழை விட்டால் இயக்குநர் எறியும் நாடகக் கொப்பிதான் என் பல்கலைக்கழகம். மழைக்குத் தகரத் தட்டில் அரிசி, நெருப்புக்குக் கசக்கிய கண்ணாடித்தாள், எலும்பு முறிய வேண்டுமென்றால் முருங்கைக்காய். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ண் வந்து, சில காலம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு, பிறகு அங்கிருந்த ஒரு வானொலி நிலையத்தில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் மாறியதில் முருங்கைக்காய் செலரித்தண்டாகியது. தேங்காய்ச் சிரட்டை மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒரே குதிரைதான்.

என் மேலதிகாரி கீத். (அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகத்தில் வருவது எங்கள் பேச்சில்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.) கீத்தைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான, நெடுத்த மனுஷன். மனைவி இல்லை, இறந்துவிட்டார். வீட்டில் ஒரு வயதான நாய், அதற்குக் காது கேட்காது. நல்ல பொருத்தம் என்று கன்ரீனில் சிரிப்பார்கள்.

கலையகத்து வாசலில் ஒரு பிஸ்கட் ரின் வைத்திருப்பார், உள்ளே பச்சைக் கம்பளித்துணி ஒட்டியது. யார் வந்தாலும் சில்லறை, வீட்டுத் திறப்பு, கைமணிக்கூடு எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். பிறகு காலில் இருக்கும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பிறகு உங்களைக் கையைத் தூக்கி இறக்கச் சொல்லுவார். சட்டைக் கஞ்சி சரசரத்தால் திரும்பிப் போய் வேறு சட்டை போட்டு வர வேண்டும். பெரிய நடிகர் ஒருவரை ஒருமுறை பனியனோடு நிற்க வைத்தே நாடகம் பதிந்தார். வயிறு இரையக்கூடாது, ஆகவே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஆனால் சாப்பாடு கலையகத்துக் கதவைத் தாண்டக் கூடாது. அது சட்டம். முன்பொருமுறை யாரோ தேத்தண்ணீரைப் பதிவு மேசையில் ஊற்றி, முழு நாளும் பழுதாகிப் போனதாம். அதிலிருந்து ஒரு மின்ற் இனிப்பைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை.

பதிவு நடக்கும்போது முழங்கையை மேசையில் மடித்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்பார். பார்த்தால் நித்திரை போல இருக்கும். எங்காவது ஒரு சின்னப் பிழை வந்ததோ, தலை நிமிராமலே ஒரு விரல் மேலே எழும்பும்.

"அகெய்ன்."

அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல மாட்டார். கோபிக்கவும் மாட்டார். திரும்பவும் செய்வோம், திரும்பவும் விரல் எழும்பும். வீட்டுக்கு வந்து மனைவி பத்மாவிடம் நான் இதைச் சொல்லிப் புலம்பியதில், அவள் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். நான் கழுவி வைத்த சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு விரலைக் காட்டி, "அகெய்ன்" என்பாள். வேலையில் ஒரு கீத், வீட்டில் ஒரு கீத். கொடுத்து வைத்தவன் நான்.

ஆனாலும் கீத் என்னை ஒருநாளும் வெளியாள் போல நடத்தியதில்லை. இராசரத்தினம் என்ற என் பெயர் அவர் வாயில் 'ராஸ்' என்று ஆகியது. என் காதை நம்பினார். அந்தக் காலத்து மெல்பேர்ணில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுள்ளவர்களுக்கு விளங்காது.

நான் சொல்ல வந்தது ஜாவாக்காரர் வந்த நாளைப் பற்றி.

எங்கள் நிலையத்தில் வெளிநாடுகளுக்கான சிற்றலை ஒலிபரப்பும் இருந்தது. இந்தோனேசிய மொழிக்கு ஒரு பகுதி. அந்த நாட்டுக் கிராமங்களில் ஒரு ரான்சிஸ்டரைச் சுற்றி ஊரே இருந்து கேட்கும் என்பார்கள். அந்தப் பகுதியில் அறிவிப்பாளராக இருந்தவர் ரெத்னோ என்ற ஜாவாப் பெண். சிரித்த முகம், ஆனால் பிடித்த பிடி விடமாட்டா. ஒரு பல்கலைக்கழகம் ஜாவாவிலிருந்து கதைக்காரர் ஐந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறது, அவர்களைப் பதிய வேண்டும் என்று எங்களிடம் வந்தா.

"என்ன வாத்தியங்கள்? மைக் எத்தனை வேணும்?" என்று கேட்டார் கீத்.

"வாத்தியம் இல்லை. எல்லாம் வாய்தான். இதுக்குப் பேர் ஜெம்ப்லுங். ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி இருப்பினம். ஒராள் மேளம், ஒராள் மணி, ஒராள் பாட்டு. கொங் எண்டு பெரிய வெண்கல வட்டு இருக்கெல்லோ, அதுவும் ஒராளின்ரை வாய். கதையில வாற ராசா, குதிரை, மழை, கதவு எல்லாம் அவைதான்."

கீத் என்னைப் பார்த்தார். "ராஸ், உன்ர வேலை போச்சு" என்றார். அவர் பகிடி விட்டது நான் கண்டது அபூர்வம்.

அவர்கள் வந்த காலையில் ரெத்னோ முதலில் தனியாக உள்ளே வந்தா. முகம் சரியில்லை.

"கீத், இது அடுத்த கிழமை போற நிகழ்ச்சி எண்டு சொன்னனான். இண்டைக்குப் பின்னேரமே போக வேணும். எங்கடை பகுதித் தலைவரோட கதைச்சிட்டன். பின்னேரச் செய்திக்கு முதல் ஒலிநாடாவைக் கையில தந்தால் இண்டைக்கே போடுறன் எண்டிட்டார்."

"ஏன் இந்த அவசரம்?"

அப்போதுதான் காரணம் சொன்னா. அந்த ஐவரில் கொங் சொல்பவர் பெயர் கர்தோ. முந்திய நாள் தூதரகம் வழியாக அவருக்குத் தந்தி வந்திருக்கிறது. ஊரில் மனைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே. பெண்பிள்ளை. மெலிந்த பிள்ளை. இதற்கு முன் அவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தொப்புள்கொடி விழுமுன்னே போய்விட்டன.

"எங்கடை பக்கத்தில, பிள்ளை பிறந்த வீட்டில கொடி விழும்வரைக்கும் ஒவ்வொரு இரவும் அயலட்டை வந்து முழிச்சிருக்கும். பாட்டுப் படிச்சு, கதை சொல்லி, சத்தமாயிருக்க வேணும். பிள்ளையைச் சும்மா தனிய விடக்கூடாது. இந்த ஜெம்ப்லுங்கே அப்பிடி இருந்து வந்ததுதான். ஊரில ஆரின்ரை வீட்டில பிள்ளை பிறந்தாலும் கொங் சொல்லப் போறது கர்தோ. இப்ப அவரின்ரை பிள்ளைக்குக் கதை சொல்ல ஊரில ஆரும் இல்லை, ஐஞ்சு பேரும் இஞ்சை. ஊர்த்தலைவர் வீட்டுக்கு நான் தந்தி அடிச்சிட்டன், இண்டைக்கு ரேடியோவைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில வையுங்கோ எண்டு."

கீத் பிஸ்கட் ரின்னைத் திறந்து வாசலில் வைத்தார். அவர் 'ஓம், சம்மதம்' என்று சொல்லும் விதம் அதுதான்.

எனக்குப் பத்மாவின் நினைவு வந்தது. காரணம் இருந்தது. பத்மா அப்போது பிள்ளை வயிற்றோடு இருந்தாள். ரிச்மண்டில் ஒரு சின்ன மாடிவீடு. அம்மா இல்லை, மாமி இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடைய பெயர்கூடத் தெரியாது. எங்கள் தமிழர் ஒரு சிலர் இருந்தார்கள்தான், ஆனால் ஆளுக்கொரு மூலை. பிள்ளை பிறந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று அவள் அடிக்கடி கேட்பாள். நான் பகிடி விட்டுச் சமாளிப்பேன்.

ஐவரும் வந்தார்கள். தலைவர் வீர்யோ கட்டையான, வயிறு பெருத்த மனுஷன், கண்ணெல்லாம் குறும்பு. பாட்டுக்கு ஒரு அம்மா. மேளத்துக்கும் மணிக்கும் இரண்டு பேர். கர்தோ கடைசியாக வந்தார். அகலமான நெஞ்சு, ஆனால் தோள் தொங்கிப்போயிருந்தது. மணிக்கூடு, மோதிரம் எல்லாம் ரின்னுக்குள் விழுந்தன. பாட்டம்மாவின் கையில் ஒரு பெரிய கூடை. அவித்த முட்டை, வாழைப்பழம், கச்சான் கடலை போட்டுப் பொரித்த அப்பளம் மாதிரி ஒன்று, இலையில் மடித்த சோறு.

கீத் கூடையைப் பார்த்தார். கதவைக் காட்டினார்.

"அது மேசையில வைக்கிறது" என்றா ரெத்னோ.

"பிறகு வைக்கலாம்."

"இல்லை கீத், தொடங்கேக்கையே..."

"ரெத்னோ, உள்ளுக்கை சாப்பாடு வராது."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவவும் விட்டுவிட்டா. கூடை வெளியே நடைபாதையில் போய் இருந்தது. கீத் ஐந்து பேருக்கும் ஐந்து ஒலிவாங்கி, ஒருவருடைய சத்தம் மற்றவருடையதில் விழாதபடி இடையிடையே மறைப்புத் தட்டி வைத்து, மிக ஒழுங்காகச் செய்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாடாவைச் சுழல விட்டேன்.

தொடங்கினார்கள். என்ன சொல்ல? உப்பில்லாக் கஞ்சி. மேளம் மேளம் போலத்தான் இருந்தது, மணி மணி போலத்தான் இருந்தது, ஆனால் ஒருவரையொருவர் பார்க்காமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம் ஒப்புவிப்பது போல இருந்தது. கொங் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

விரல் எழும்பியது. "அகெய்ன்."

திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் மோசம். "அகெய்ன்." கர்தோ ஒவ்வொரு முறையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 

கீத் தலை நிமிர்ந்தார். "வெறுமையாக் கிடக்கு. ராஸ், சிரட்டையைக் கொண்டு போ. வாளும் கொண்டு போ. குதிரை வாற இடத்தில குடு."

போனேன். கதையில் ஓர் அரசனுடைய தூதன் குதிரையில் வருகிறான். நான் மணல் தட்டில் சிரட்டையைத் தட்டினேன். நல்ல குதிரை, நானே சொல்லக்கூடாது. வீர்யோ பேச்சை நிறுத்தினார். என் கையையும் சிரட்டையையும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு ரெத்னோவிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றார் கீத் உள்ளே வந்து.

ரெத்னோ தயங்கித்தான் சொன்னா. "குதிரை வந்திட்டுது, சந்தோசம். இனி நான் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்."

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒருவருடைய வீட்டில் விருந்தாளி எதைச் செய்யலாம் என்று கேட்பது போலக் கேட்டார். நான் சிரட்டையைக் கீழே வைத்தேன். கீத் சிறிது நேரம் அந்தச் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேத்தண்ணி" என்றார். இடைவேளை என்று அர்த்தம்.

கன்ரீனை நடத்தியவ மரியா என்ற கிரேக்கப் பெண். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. ஐவரும் ஒரு மூலை மேசையில் போய் இருந்தார்கள். பாட்டம்மா கூடையைத் திறந்து எல்லாவற்றையும் நடுவில் பரப்பினா. மரியா சும்மா இருப்பாளா? மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட இறைச்சிப் பை ஒரு தட்டு, தக்காளி, ஆலிவ் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். நானும் ரெத்னோவும் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம்.

வீர்யோ ஓர் அவித்த முட்டையை எடுத்தார். கடிக்கப் போனவர் நிறுத்தினார். இலைச் சோற்றின்மேல் அதைக் கிடத்தினார். குனிந்து, அந்த முட்டைக்காக அழுதார், பச்சைக் குழந்தை அழுகிற அழுகை. சத்தியமாக நான் திரும்பிப் பார்த்தேன், யார் பிள்ளையைக் கொண்டுவந்தது என்று. பாட்டம்மா உடனே தாலாட்டினா. ஒருவர் வாயில் மேளம் எழும்பியது, மற்றவர் பல்லுக்குள்ளால் மணி விழுந்தது. கச்சான் அப்பளத்தை வீர்யோ நறநறவென்று கடித்தார், அது குதிரை புல் மேய்வதாகியது. தக்காளி சோஸ் போத்தல் சேனாதிபதி. என்ன வேகம், என்ன பகிடி! மொழி விளங்காத மரியா கவுண்டரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லோருடைய கண்ணும் கர்தோவிடம் போகும், அவர் கொங் சொல்லுவார், அடுத்த சுற்று தொடங்கும்.

"வெறும் மேசைக்கு முன்னால இருந்து அவைக்குப் பழக்கமில்லை" என்று ரெத்னோ என் காதில் சொன்னா. "சாப்பாடு இருந்தால்தான் வீடு. வீடு இருந்தால்தான் கதை."

வாசலில் கீத் நின்றார், கையில் கோப்பை. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கண்ணை மூடியிருந்தார். கலையகத்தில் மேசைமேல் தலை கவிழ்ப்பாரே, அதே முகம்.

"ராஸ், எங்களிட்டை இருக்கிற கேபிள் இவ்வளவு தூரம் வருமோ?"

"இரண்டைப் பொருத்தினால் வரும்."

"பொருத்து. ஒரே ஒரு மைக். மேசைக்கு நடுவில."

நான் ஓடினேன். சாப்பாட்டைக் கலையகத்துக்குள் விடாத மனுஷன், கலையகத்தைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சட்டம் சட்டமாகவே இருந்தது, பாருங்கள்!

கேபிளை நடைபாதையால் இழுத்து, பதிவுப் பொறியைத் தள்ளுவண்டியில் கன்ரீன் வாசலுக்குக் கொண்டுவந்து, ஒலிவாங்கியை ஒரு கவிழ்த்த கிண்ணத்தின்மேல் நிறுத்தி, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டால், உர்ர்ர் என்று ஓர் இரைச்சல். குளிர்ப்பெட்டி. மரியாவின் பெரிய, பழைய குளிர்ப்பெட்டி.

"அதை நிப்பாட்ட வேணும்" என்றார் கீத்.

"உனக்கென்ன விசரோ?" மரியா இடுப்பில் கை வைத்தாள். "ஐஸ்கிறீம் முழுக்க அதுக்குள்ளை கிடக்கு. உருகினால் ஆர் பொறுப்பு? உன்ர நாயோ?"

கீத்துக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. நின்றார். மரியா அவரை விட்டுவிட்டு மேசையைக் காட்டினாள். "அதைவிடு. அந்த அகல நெஞ்சு மனுசன் ஏன் ஒண்டும் தொடேல்லை? என்ர சாப்பாடு பிடிக்கேல்லையோ?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். மற்ற நாலு பேருக்கும் முன்னால் கோதும் தோலும் கிடந்தன. கர்தோவின் முன்னால் ஒன்றும் இல்லை.

"வழமையா அவர்தான் எல்லாத்தையும் முடிக்கிறவர்" என்றா ரெத்னோ. "மேளக்காரனுக்கு வாய் ஓயாது. கொங் இடைக்கிடைதானே, அவருக்குத்தான் சாப்பிட நேரம். ஊரில அதைச் சொல்லியே அவரைப் பகிடி பண்ணுவினம். தந்தி வந்ததிலையிருந்து பச்சைத் தண்ணிகூட ஒழுங்காக் குடிக்கேல்லை."

பிறகு பிள்ளையைப் பற்றியும், முன்னே போன இரண்டைப் பற்றியும் சொன்னா. மரியா கேட்டுக்கொண்டு நின்றாள்.  குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, செருகியைப் பிடுங்கினாள். உர்ர்ர் அடங்கியது. பிறகு ஐஸ்கிறீம் பெட்டிகளை எடுத்து, வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற தட்டச்சுப் பெண்களின் கையில் திணித்து, "வெளியில கொண்டு போய்த் தின்னுங்கோ. சத்தம் போட்டால் கொல்லுவன்" என்றாள்.

கீத் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு கதிரையில் இருந்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, கன்ரீன் மேசையில் தலையைக் கவிழ்த்தார். நான் நாடாவைச் சுழல விட்டேன்.

அந்தப் பதிவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் உங்களுக்குக் கேட்கப்போவதில்லை. ஓர் அரசனுக்குப் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளையை எடுக்க இருட்டு வருகிறது. அரசனின் கோமாளித் தோழன் காவல் இருக்கிறான், அது வீர்யோ. இருட்டு வருவதைப் பாட்டம்மா மூச்சாலேயே செய்தா. இடையில் யாரோ அப்பளம் கடித்தார்கள், கீத்தின் தோள் ஒருமுறை துள்ளியது, ஆனால் விரல் எழும்பவில்லை.

பாதிக்கு மேல் வந்ததும் வீர்யோ கதைக்குள் இருந்தபடியே கர்தோ பக்கம் திரும்பினார். கோமாளியின் குரலில் ஏதோ கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், கர்தோ சிரிக்கவில்லை. திரும்பக் கேட்டார். ரெத்னோ ஒரு கடதாசியில் எழுதி எனக்குக் காட்டினா: காவல் இருக்கிறவன் பட்டினி கிடந்தால் பிள்ளைக்கு யார் காவல்?

ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் முன்னால் வைத்தார் வீர்யோ. மேளம் வாயில் மெல்ல நடந்துகொண்டே இருந்தது. ஒருவரும் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. நாடா சுழல்கிறது, நேரம் போகிறது. கர்தோ பழத்தைப் பார்த்தார். எடுத்தார். கடித்தார். மென்று விழுங்க அந்த மனுஷன் பட்டபாடு! மரியா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். கர்தோ முழுப் பழத்தையும் சாப்பிட்டார், பிறகு முட்டையையும் எடுத்தார். வீர்யோ, "என்ர இளவரசனைத் தின்னுறானே!" என்று கத்த, மேசையே சிரித்தது. இந்த முறை கர்தோவும் சிரித்தார்.

கதை முடிவுக்கு வந்தது. விடிகிறது, சேவல் கூவுகிறது, இருட்டு போகிறது. மேளம் கடைசிச் சுற்றுக்குச் சென்று நின்றது. இனிக் கொங் விழ வேண்டும். கொங் விழாமல் எதுவும் முடியாது. எல்லோரும் கர்தோவைப் பார்த்தார்கள்.

அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. காத்திருந்தார்கள். ஒருவரும் அவருக்காக அதைச் சொல்லவில்லை, அது அவருடைய வேலை. பிறகு வந்தது. அடியிலிருந்து எழும்பி, நடுவில் உடைந்து, அழுகையும் கொங்குமாக நீண்டு, நீண்டு, அந்தக் கன்ரீன் முழுவதும் நின்றது.

பதிவு என்று பார்த்தால் பிழை. உடைந்த குரல், நேரம் பிந்திய அடி. ரெத்னோ கையைப் பிசைந்தா. நான் கீத்தின் விரலைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்தோம்.

அது எழும்பவில்லை.

தலை நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. ஒலிவாங்கி முன்னால் இருக்கிறது, நாடா இன்னும் சுழல்கிறது, அந்த மனுஷன் கையை நீட்டி ஓர் இறைச்சிப் பையை எடுத்துக் கடித்தார். நறுக் என்ற சத்தம் இன்றைக்கும் அந்த நாடாவின் கடைசியில் இருக்கும். வெட்ட வேண்டாம் என்று அவரே சொன்னார்.

ஒலிநாடாவை ரெத்னோ செய்திக்கு முதல் ஓடிக்கொண்டுபோய்க் கொடுத்தா. பின்னேரம் அது சிற்றலையில் போனது. அந்த ஐவரும், நாங்களும், மரியாவும் இந்தோனேசியப் பகுதியின் சின்ன அறையில் நெருக்கிக்கொண்டு நின்று கேட்டோம். கர்தோ சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். வானொலியில் அதுதான் கஷ்டம், நாங்கள் சொல்லுவது போகும், அங்கே கேட்டார்களா என்று திரும்பி வராது.

சில நாள் கழித்து அவர்கள் புறப்படும் காலையில் தூதரகத்திலிருந்து ரெத்னோவுக்குத் தொலைபேசி வந்தது. கொடி விழுந்துவிட்டது. பிள்ளை பால் குடிக்கிறாள். அன்று ரேடியோவைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்களாம், ஊர் முழுக்க அந்த வீட்டில்தானாம். கொங் உடைந்ததைக் கேட்டுப் பிள்ளையின் தாய், "சாப்பிடாமல் கிடக்கிறார் போல" என்று சொன்னாவாம். விமான நிலையத்தில் கர்தோ கீத்தைக் கட்டிப்பிடித்தார். கீத் மரம் போல நின்றார், ஆனால் கையை எடுக்கவில்லை.

எங்கள் மகள் பிறந்தது அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து பத்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வெளியே மழை, ட்ராம் போகும் சத்தம். அது போனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"என்னப்பா, வீடு இப்பிடி உறைஞ்சு போய்க் கிடக்கு" என்றாள் பத்மா. "எங்கடை ஆக்கள் இருந்தால் இப்ப குசினியில கால் வைக்க இடமிருக்காது. பாவம் என்ர பிள்ளை, ஒருத்தரும் இல்லாமல் வந்து பிறந்திருக்கு." சொல்லி முடிக்க முன் அழுதுவிட்டாள். எனக்கும் பகிடி ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் கதவு தட்டினார்கள். திறந்தால் மரியா, கையில் துணி மூடிய பெரிய தட்டு. பின்னால் கீத், நனைந்த தொப்பியோடு, நெஞ்சோடு அணைத்த ஒரு கடதாசி உறையில் இறைச்சிப் பைகள். உள்ளே வந்ததும் பழக்கத்தில் மணிக்கூட்டையும் சில்லறையையும் எடுத்துக்கொண்டு வைக்க இடம் தேடினார். ஒரு கோப்பையை நீட்டினேன். அதில் போட்டுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

மரியா கேட்டுக் கேள்வியில்லாமல் எங்கள் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினாள். மூன்று பேரும் சுற்றி இருந்தோம். அறைக்கதவு திறந்திருந்தது, உள்ளே பத்மாவும் பிள்ளையும். கீத் ஓர் இறைச்சிப் பையைச் சாப்பிட்டு முடித்தார். தொண்டையைச் செருமினார்.

"ராஸ், தொடங்கு."

எனக்கு உடனே விளங்கியது. சிரட்டை இல்லை, தகரத் தட்டு இல்லை, ஆயுள் முழுக்கப் பொருள்களால் சத்தம் செய்தவன் வெறுங்கையோடு இருந்தேன். வாயால் மேளம் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. மரியா மணி சொன்னாள், பிறகு கிரேக்கத்தில் என்னவோ பாடினாள். சுற்று முடிந்தது. இரண்டு பேரும் கீத்தைப் பார்த்தோம்.

அவர் உதட்டைத் துடைத்தார். கண்ணை மூடினார். அந்த ஒல்லி நெஞ்சை நிறைத்து மூச்செடுத்து, கொங் சொன்னார்.

ஐயோ, அதைவிட மோசமான கொங்கை நான் கேட்டதில்லை. பழைய வாளியில் கல் விழுந்ததுபோல. பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டு அழுதது. கீத்தின் முகம் வெளிறிப்போனது. எழும்பப் போனார்.

உள்ளேயிருந்து பத்மாவின் குரல் வந்தது. அழுத குரல்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது.

"அகெய்ன்!"

கீத் எழும்பாமல் இருந்தார். திரும்பவும் சொன்னார்.